ஒன்பது பேர் தவறிய பரீட்சை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போய்வருகிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது, டாக்டர் தையல் மிஷினை மிதிக்காதே என்றார், அவள் வலது காலுக்குப் பதில் இடது காலால் மிதித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டதாகச் சொல்கிறாள். மாடி வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்துவிட்டார், இனி நம் சமையலறைக் கூரையிலிருந்து சொட்டாது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், நான் இரண்டு தடவை தனியாகப் படித்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கணக்கை இருபது தடவை சொல்லிக் கொடுத்தும் மண்டையில் ஏறவில்லை, எல்லாம் சொல்லியாகிவிட்டது, இதற்கு மேல் நான் என்ன செய்வது, வருடக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அதே வார்த்தையைப் போன மாதம் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டேன், அப்போது நான் வாத்தியார் பக்கத்தில் இல்லை, மண்டையில் ஏறாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையை உனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கே ஒன்பது நாள் கழித்துத்தான் சொன்னேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி ஆவியில் வேகவைக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இருந்த பழைய மிஷினை எடுத்துவிட்டுப் புதிது ஒன்றை வைத்தார்கள். பழையது கதவைச் சாத்தி ஒரு பிடியைத் திருப்பினால் வேலை செய்யும், புதியதற்குத் திரை, எண், படம், எச்சரிக்கை எல்லாம் உண்டு. எங்கள் அறையில் இருக்கிற பன்னிரண்டு பேரும் மூன்று நாள் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுத வேண்டும், இரண்டு தடவை தவறினால் துணிப் பிரிவுக்கு மாற்றம் என்று அறிக்கை ஒட்டினார்கள். துணிப் பிரிவு கேவலமான இடமில்லை, ஆனாலும் இத்தனை வருடம் கத்தரியும் இடுக்கியும் பிடித்த கைக்கு அழுக்குப் போர்வை எண்ணும் வேலை என்றால் மனசு ஒப்பவில்லை. பயிற்சிக்கு மிஷின் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். மேல்மாடி மீட்டிங் ஹாலில் விளக்கை அணைத்துத் திரையில் படம் படமாகப் போட்டுப் பேசினார். குளிரும் இருட்டும் சேர்ந்து இரண்டாம் படத்திலேயே கண்ணைச் சுழற்றியது. பக்கத்தில், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர் உட்கார்ந்திருந்தார், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை அவருக்குத் தெரியும். எங்கள் அறையில் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பெண் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் திரையில் வந்ததை எல்லாம் அப்படியே எழுதினாள், நாற்பது பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் அவர் "எல்லாருக்கும் புரிஞ்சுதா" என்று கேட்பார். நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்போம். எனக்குப் புரியவில்லை. ஆனால் முன்வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புரிகிறது, இந்த வயதில் நான் ஒருவன் கையைத் தூக்கினால் என்ன நினைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். பிறகு தெரிந்தது, முன்வரிசையும் பின்வரிசையை நினைத்துத்தான் பேசாமல் இருந்ததாம்.

பரீட்சையில் ஒன்பது பேர் தவறினோம். எனக்கு ஐம்பதுக்குப் பத்தொன்பது. ரேடியோவுக்குப் பதினேழு, அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். கம்பெனிக்காரர் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு "நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன், இதுக்கு மேல நான் என்ன பண்றது" என்றார். அவர் முகத்தில் திமிர் இல்லை, உண்மையிலேயே வருத்தம்தான். அவரும் மூன்று நாள் தொண்டை வறளப் பேசியிருந்தார். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று நடுவில் ஒரு தடவை பார்த்திருந்தால் அவருக்கும் அந்த வருத்தம் இருந்திருக்காது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். கட்டிய நாளிலிருந்து அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். பேருந்தில் வரும்போதெல்லாம் பத்தொன்பது பத்தொன்பது என்று தலைக்குள் ஓடும்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலேயே நர்சுகளுக்குப் பாடம் எடுக்கிற ஒரு பெண்ணை, தவறிய எங்கள் ஒன்பது பேருக்கும் சொல்லிக் கொடுக்க அனுப்பினார்கள். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். முதல் நாள் அவள் பாடமே எடுக்கவில்லை. ஹாலுக்கும் கூப்பிடவில்லை. எங்கள் அறைக்கு வந்து, தலைக்கு உறை மாட்டி, காலை முழுக்க நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ட்ரே தூக்கினால் மறுமுனையைப் பிடித்தாள். எதைத் தொட்டாலும் "இதை ஏன் இப்படி வைக்கிறீங்க" என்றாள். மதியத்துக்குள் ரேடியோ அவளுக்கு ஏன் சிஸ்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "பேரு எழுத வேணாம், புரியாதது ஒண்ணே ஒண்ணு எழுதுங்க" என்றாள். நான் இடது கையால் எழுதினேன், கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. கருவிகளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தில் ஒட்டிய பட்டை நிறம் மாறினால் ஆவி பட்டுவிட்டது என்றுதானே அர்த்தம், அப்புறம் ஈரமாக இருந்தால் ஏன் அனுப்பக் கூடாது, இதுதான் நான் எழுதியது. இருபத்திரண்டு வருடமாக ஈரமானதை ஓரமாக வைத்துக் காயவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான், கூடாது என்று சொன்னார்களே தவிர ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுநாள் அவள் அந்தச் சீட்டைத்தான் முதலில் எடுத்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வாசித்துவிட்டு "இது யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். ஆனா இதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி பாடம் முடிஞ்சுது" என்றாள். பதிலைச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நான் மனசுக்குள் எண்ணினேன், ஒன்பது வரை போனது. அந்த ஒன்பதுக்குள் தலை தானாக வேலை செய்கிறது, பாப்பா, வேறு வழி இல்லையே. பிறகு மீசைதான் மெதுவாக, "ஈரத் துணி வழியா வெளி அழுக்கு உள்ள எறங்கிடும்ல, மழைல எங்க வீட்டுச் சுவரு நனைஞ்சா உள்பக்கம் கறை வருதே, அது மாதிரி" என்றார். சரி என்று அவள் சட்டென்று சொல்லவில்லை, மற்றவர்களிடம் "அவர் சொல்றது சரிதானா, ஏன்" என்றாள். அவ்வளவுதான், ஒன்பது பேரும் பேச ஆரம்பித்தோம். மூன்று நாள் ஹாலில் வாய் திறக்காதவர்கள்.

இன்னொரு நாள் ஒரு ட்ரேயை வேண்டுமென்றே தப்பாக அடுக்கிக் கொண்டுவந்தாள். இரண்டிரண்டு பேராகப் பார்த்து ஐந்து தப்பு கண்டுபிடியுங்கள் என்றாள். நானும் ரேடியோவும் ஆறு கண்டுபிடித்தோம். ஆறாவது, ஒரு கத்தரி வாய் மூடிக் கிடந்தது, மூடியிருந்தால் ஆணி இருக்கிற இடத்தில் ஆவி படாது. அவள் அந்தத் தப்பை வைக்கவில்லை, கவனிக்காமலே விட்டிருக்கிறாள். என்ன செய்வாளோ என்று பார்த்தேன். "இத நான் பாக்கல. நல்ல வேளை நீங்க பாத்தீங்க" என்று பலகையில் ஆறு என்று எழுதி, பக்கத்தில் 'என் தப்பு' என்றும் எழுதினாள். அன்றைக்குப் பிறகு அந்த அறையில் தப்பாகச் சொல்ல யாரும் பயப்படவில்லை.

தினமும் காலையில் மூன்று கேள்வி கேட்பாள், ஒன்று நேற்றைய பாடத்தில், இரண்டு அதற்கு முந்தையதில். மதிப்பெண் கிடையாது, நாமே திருத்திக்கொள்ள வேண்டும். முதல் வாரம் எனக்கு எரிச்சல், நேற்றுத்தான் படித்தேன், இன்றைக்கு எங்கே போனது என்று. இரண்டாம் வாரம் பேருந்தில் வரும்போதே பதில்கள் தானாக வந்து நின்றன. ரேடியோவிடம் அந்த நாற்பது பக்க நோட்டை மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, "நோட்ட மூடுனா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல சிஸ்டர்" என்றாள். எழுத எழுத ஐந்து வரி வந்தது, மறுநாள் பத்து. திரையைப் பார்த்து எழுதும்போது கைதான் படித்தது, நான் படிக்கவில்லை என்று பிறகு அவளே சொன்னாள்.

ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி. மீசைக்கு நான் சொல்லப் போய், நடுவில் நின்றுவிட்டேன், எனக்கே தெரியவில்லை. வீட்டில் அம்மாவை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். அவள் தைத்துக்கொண்டே கேட்டாள். பொட்டலங்களை நெருக்கி அடுக்கக் கூடாது என்றேன், ஏன் என்றாள். ஆவி நடுவில் புக வேண்டும் என்றேன், அப்படியானால் உள்ளே இருக்கிற காற்று எங்கே போகும் என்றாள். அதைத்தான் மிஷின் முதலில் வெளியே இழுக்கிறது, அதற்குத்தான் முதல் பத்து நிமிஷம், திரையில் வந்த அந்தப் படத்துக்கு அதுதான் அர்த்தம் என்று அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. சந்தோஷத்தில் இருந்தபோது அவள், "இவ்ளோ தெரியுதே, அப்ப மொதல் பரீட்சைல என்ன எழுதினீங்க" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். பத்தொன்பது என்று. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ரிசல்ட் வரலன்னு சொன்ன ஆளு ஒன்பது நாளா என் மூஞ்சியப் பாத்துப் பேசல, எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். எனக்கு இருந்த பாரம் எல்லாம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது.

இரண்டாம் பரீட்சையில் எட்டுப் பேர் தேறினோம். மீசை மட்டும் தவறினார். நேரில் கேட்டால் பொழிகிறவர், காகிதத்தில் கேள்வியை அவசரமாகப் படித்துக் கேட்டதற்கு மாறாக எழுதியிருந்தார். ஏன் சிஸ்டர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரிய அதிகாரியிடம் போய், "இவருக்கு விஷயம் தெரியும், கேள்வியப் படிக்கப் பழக்காதது என் குறை, ஒரு வாரம் குடுங்க" என்று கேட்டு வாங்கிவந்தாள். அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை நானும் மீசையும் கேள்வி படிப்பதிலேயே கழித்தோம், கேள்வியைத் தன் சொந்த வார்த்தையில் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொடலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். தேற வேண்டியதற்கு இரண்டு மதிப்பெண் கூடவே வாங்கினார். அன்றைக்கு அவர் மீசையை முறுக்கிய முறுக்கலைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

போன வியாழன் ஒரு பொட்டலம் மிஷினிலிருந்து ஈரமாக வந்தது. பட்டை அழகாக நிறம் மாறியிருந்தது. மேலே தியேட்டரில் நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார்கள், மூன்று தடவை போன் வந்தது. டாக்டரே பேசினார், கலர் மாறிடுச்சுல்ல, அனுப்புங்க என்றார். பழைய நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். அன்றைக்கு, "ஈரம் சார், அனுப்ப மாட்டேன், வேற செட்டு இருபது நிமிஷத்துல வரும்" என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, காத்திருக்கோம்" என்றார். விதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் அந்தக் குரலுக்கு முன்னால் நான் நின்றிருக்க மாட்டேன், காரணம் தெரிந்ததால் நின்றேன்.

இதையெல்லாம் எழுதுவது உனக்குப் பாடம் நடத்த அல்ல, நீ படித்த படிப்பு நான் படிக்கவில்லை. பெஞ்சின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். இருபத்தோராம் தடவை சொல்வதற்கு முன்னால் ஒரு நாள் சும்மா நின்று அந்தப் பிள்ளைகள் கணக்குப் போடுவதைப் பார். எந்த வரியில் பென்சில் நிற்கிறது என்று பார். கேள்வி கேட்டால் ஒன்பது வரை எண்ணு. நீ பலகையில் தப்புப் போட்டு ஒரு பிள்ளை கண்டுபிடித்தால் நன்றி சொல். இத்தனையும் செய்தும் ஆகவில்லை என்றால் வேலையை விடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

இன்னொன்று எழுதத்தான் இந்தக் கடிதத்தையே எடுத்தேன், கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது வகுத்தல் கணக்கு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் வைத்து நான் சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை, சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் நோட்டைத் தட்டி மூடினேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு "புரிஞ்சுதுப்பா" என்றாய். நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நம்பினேன், பெருமையாக அம்மாவிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு கணக்கும் கேட்டதில்லை என்பதை இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை. அந்த இருட்டு ஹாலில் "புரிஞ்சுது சார்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே உன் குரலாகக் கேட்டது. மன்னித்துக்கொள், கண்ணு.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. அம்மா உனக்கு இரண்டு ரவிக்கை தைத்து வைத்திருக்கிறாள், கை அளவு எழுதி அனுப்பு. நீயும் உன் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். பதில் எழுதும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல், அன்றைக்கு அந்த வகுத்தலில் எந்த இடத்தில் உனக்குப் புரியாமல் போனது. இந்தத் தடவை நான் சத்தம் போடாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா