ஈரல் தின்ற விரால்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் என் முழங்காலும் சரியில்லை, உன் பெண்டாட்டியின் முகமும் சரியில்லை. நீ போனை அணைத்துவிட்டு மச்சான் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதால், இதைப் பஸ் டிரைவர் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

உன் படகை யாரும் தொடவில்லை. கரையில் கவிழ்த்து, தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். உன் பெண்டாட்டி பாத்திரங்களைக் கழுவுகிறாளா, அடிக்கிறாளா என்றே தெரியவில்லை. "உங்க பேத்தி உங்க மகனை ஊருக்கே திருடன்னு காட்டிட்டா. நீங்க அவளுக்கு முட்டை அவிச்சுக் குடுங்க" என்றாள். நான் அவளுக்கும் சேர்த்துத்தான் அவித்தேன். கோபத்தோடேயே ரெண்டு தின்றாள்.

மீன்பிடிக்க ஏரியைத் திறந்துவிட்ட அன்று எடைமேடைக்கு நானும் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. கூட்டத்துக்குப் பின்னால் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டேன். சைரன் ஊதிய பிறகு பிடித்த மீன்களில் பெரிய விராலுக்கு மோட்டார் படகு பரிசு. நீ தூக்கிக் காட்டினாயே, கை கனம் தாங்காமல் ஆடியது, ஊரே விசிலடித்தது. என் மகன் பிடித்த மீன், அதை அளப்பதற்கு மீன்துறைச் சட்டை போட்டு நிற்கிறவள் என் பேத்தி, உன் அக்கா மகள் பாப்பா. முதல் சீசனிலேயே அளவு மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள் அவளை. பக்கத்தில் நின்ற ஆளிடம், "ரெண்டும் என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டேன். சொல்லி வாய் மூடவில்லை, மீன் கக்கியது.

தராசுத் தட்டில் கோழி ஈரல். சின்னச் சின்னச் சதுரமாக, கத்தியால் வெட்டின துண்டுகள். ஒருத்தன், "ஏரிக்குள்ள கோழி மேயுதா டோய்" என்றான். "மேஞ்சா பரவால்லப்பா, எவனோ வெட்டி சமையலும் பண்றான்" என்றான் இன்னொருத்தன். நீ, அது தூண்டிலில் மாட்டிய இரை என்றாய். பாப்பா குரலை உயர்த்தவே இல்லை. "தூண்டில்ல ஒரு துண்டுதானே மாமா மாட்டுவீங்க? மிச்சமெல்லாம் எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டாள். "நான் சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவ, என்னையே கேள்வி கேக்கறியா?" என்று நீ கத்தினாய். "இப்ப வேலையில இருக்கேன் மாமா. வீட்டுக்கு வந்து திட்டுங்க" என்றாள் அவள். நீ வீட்டுக்கு வரவில்லை. அவள் மட்டும் வந்தாள்.

இனி எழுதுவதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று விடிகிற நேரத்தில் குளியலறையில் தடதடவென்று சத்தம். பெருச்சாளி என்று நினைத்துத் துடைப்பத்தோடு போனேன். டிரம் மூடியைத் தள்ளிவிட்டுத் தரையில் கிடந்தது விரால். அது என்ன, ஈரம் இருந்தால் தரையிலும் பொழுதை ஓட்டுகிற ஜாதியாயிற்றே. என் துண்டை நனைத்துச் சுற்றித் தூக்கி டிரம்மில் விட்டேன். நீ வளர்ப்புக் குளத்தில் வாங்கி வைத்திருக்கிறாய், சாயங்காலம் குழம்புக்கு என்று நினைத்தேன். பாவம், ராத்திரியெல்லாம் பட்டினி கிடந்திருக்குமே என்று, உன் காலைச் சாப்பாட்டுக்கு வெட்டி வைத்திருந்த ஈரலில் ஒரு கை அள்ளிப் போட்டேன். லபக் லபக்கென்று விழுங்கியது. பிறகு மூடி போட்டு, மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தேன். அப்போது ஏரியில் சைரன் இன்னும் ஊதவில்லை.

திங்கட்கிழமை காலை மீனவர் சங்கத்தில் விசாரணை. தலைவர் நேற்று வீட்டுக்கே வந்து, "ரெண்டும் உங்க வீட்டுப் பிள்ளைங்க. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்த மீனு முந்தின நாள் உங்க வீட்ல இருந்துச்சா, இல்லையா?" என்றார். இருந்தது என்றால் இந்த சீசன் முழுக்க நீ ஏரியில் இறங்க முடியாது. இல்லை என்றால், சொந்த மாமன் மேலேயே வீண்பழி போட்டவள் என்று பாப்பாவை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். வேலையும் மிஞ்சாது. ஆள் தானாக வந்து ஒப்புக்கொண்டால் பரிசோடு போய்விடும், சீசன் போகாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் வாசலில் கிடந்த உன் செருப்பைப் பார்த்தார்.

பாப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எடைமேடையில் அது நடந்த அன்று ராத்திரி மிச்ச ஈரலை வறுத்துத் தட்டில் வைத்தேன். பல் முளைத்த நாளிலிருந்து அவள் தொண்டையில் சிக்காத அளவுக்கு நான் வெட்டிப் போடுகிற வெட்டு அது. ஒரு துண்டை எடுத்தாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டுக்கொண்டு, "பாட்டி, இன்னைக்கு என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்றாள். கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நினைக்காதே. உனக்காக உன் அப்பாவிடம் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வராது. உண்மையைச் சொல்லலாம் என்றால், என் பிள்ளையை என் வாயாலேயே ஏரியை விட்டு விரட்ட வேண்டும். அதுவும் வராது. தலைவர் கேட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த மீனைச் சங்கத்துத் தொட்டியில் விட்டிருக்கிறார்கள். உயிரோடுதான் இருக்கிறது. இன்று சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். என் நிழல் விழுந்ததும் விர்ரென்று மேலே வந்து வாயைத் திறந்தது. காவலுக்கு நின்றவன், "என்ன பாட்டிம்மா, தெரிஞ்ச மீனா?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினால் விசாரணைக்கு முன்னால் வந்துவிடலாம். நேரே சங்கத்துக்குப் போய்விடாதே. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. ஈரல் வாங்கவில்லை, முட்டைதான். நீ சொல்ல வேண்டியதைச் சொன்னதும், அந்த மீனை உன் கையாலேயே ஏரியில் விடு. பாப்பா தடுக்க மாட்டாள். அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததும் நீதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற பாக்கியத்தை எனக்குக் கொடு.

தலைவர் என்னைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் வந்துவிடப்பா.

உன்
அம்மா