ஏழு மாதக் குழந்தைக்கு வந்த வழுக்கை மருந்து

மாமல்லபுரம்
ஐப்பசி 9

சௌபாக்யவதி வசுமதிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. பெருமாள் புண்ணியத்தில் என் முழங்கால் வலியைத் தவிர இங்கே உடம்புக்கெல்லாம் சௌக்கியம், மனசுக்குத்தான் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மேக்னாவும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வியாழக்கிழமை நம் சின்னக் கோயில் ஆபீஸில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. கமிட்டித் தலைவர் ராஜகோபாலன் நாற்காலியில். செங்கல்பட்டிலிருந்து எட்டே கால் பஸ்ஸில் வந்த வக்கீல் லக்ஷ்மிநாராயணன் பெஞ்சில். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஞானதாஸ். வாசல் பெருக்கும் வேண்டா. ஆபீஸ் மேஜை ஓரத்தில் குற்றவாளி மாதிரி கைகட்டிக்கொண்டு உன் அண்ணா பார்த்தசாரதி. என் தங்கை, உன் சித்தி காமு. பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிற அவள் பிள்ளை கிரிதர். அப்புறம் நான். எட்டுப் பேர்.

விஷயம் இதுதான். சுனாமி வந்தபோது வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள், கோயில் என்ன ஆச்சு, நீங்களெல்லாம் என்ன ஆனீர்கள் என்று பதறிப்போய் எழுதினார்களே, அவர்கள் பேர், கோத்திரம், நட்சத்திரம், ஈமெயில் விலாசம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஏற்றினது நான்தான், இங்கிலீஷ் எழுத்தைக் கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அவரவர் நட்சத்திரத்தன்று அர்ச்சனை ஆனதும் உன் அண்ணா ஆபீஸிலிருந்து ஒரு வரி அனுப்புவான். இப்போது அத்தனை பேருக்கும் தினமும் வழுக்கைக்கு மருந்து, லாட்டரி, வாயால் சொல்ல முடியாத மாத்திரை என்று குப்பை வந்து விழுகிறது, அதுவும் பேரோடு கோத்திரத்தையும் சேர்த்துப் போட்டு! பெருமாளை நம்பிக் கொடுத்தேன், விற்றுவிட்டீர்களே என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டர் பார்த்தசாரதியிடம்தானே இருக்கிறது, அவன்தான் விற்றிருப்பான் என்று ராஜகோபாலன் முடிவு கட்டிவிட்டார். பதினாறு வருஷம் கோயில் சாவியை இடுப்பில் முடிந்திருந்தவனை, வேறு அத்தாட்சி இல்லாவிட்டால் கார்த்திகை ஐந்தாம் தேதி வேலையை விட்டு நிறுத்தப்போகிறாராம். வருஷா வருஷம் வேடந்தாங்கலுக்குப் பறவை வந்தாச்சு என்று கேட்டவுடன் கிளம்புகிறவன், இந்த வருஷம் வாசற்படி தாண்டவில்லை.

ஞானதாஸிடம் கம்ப்ளெயிண்ட் எழுதிக்கொள் என்றால், இன்னாம்மா காணோம் என்றான். பட்டியல் என்றேன். நோட்டு வூட்ல கீதா என்றான். இருக்கிறது என்றேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கீதா என்றான். இருக்கிறது என்றேன். எல்லாம் வெச்ச எடத்துலயே கீது, அப்புறம் இன்னாத்த திருட்டுன்னு நான் எழுதிக்க என்று இளித்தான். வேண்டா துடைப்பத்தைக் கீழே போட்டாள். ஏன் அண்ணாத்த, பொம்பள குளிக்கறத ஒருத்தன் எட்டிப் பாத்தா அவ ஒடம்பும் வெச்ச எடத்துலதான் கீது, அதுக்குக் கேஸ் எய்த மாட்டியா நீ என்றாள். ஏட்டு இளிப்பு அதோடு போச்சு. அன்றைக்கு என் பங்குப் புளியோதரை முழுவதும் வேண்டாவுக்குத்தான் கொடுத்தேன். வக்கீல் வேறு மாதிரி சுற்றி வந்தார். பழைய சட்டத்தில் பொருள் இடம் விட்டு நகர்ந்தால்தான் திருட்டாம். ஐந்து வருஷம் முன்னால் கம்ப்யூட்டருக்கென்று ஒரு சட்டம் வந்ததாம், சொந்தக்காரரைக் கேட்காமல் நகல் எடுத்தால் நஷ்டஈடு கேட்கலாமாம், ஆனால் நகல் எடுத்த கம்ப்யூட்டர் எடுத்தவனுக்கே சொந்தமாக இருந்தால் வழக்கு வழுக்குமாம். குப்பை அனுப்பாதே என்று சொல்ல இங்கே சட்டமே இல்லையாம், நீ இருக்கிற தேசத்தில் ஏதோ இருக்கிறதாம். நம்பிக் கொடுத்ததை விற்றால் அதற்கு வேறு பிரிவு இருக்கு மாமி, ஆனா விலாசம் ஒரு சொத்தான்னு ஜட்ஜ்தான் சொல்லணும் என்றார். சொத்து இல்லை என்றால் அதை எவன் காசு கொடுத்து வாங்கினான் என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எழுதிக்கறேன் மாமி என்றார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போனில், மேக்னாவுக்குக்கூட வழுக்கை மருந்து வந்திருக்கும்மா என்று சிரித்தாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை, அப்போதே திருடனைப் பிடித்துவிட்டேன். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நீ ஆரம்பித்த விலாசம் அது, என்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை என்றாய். நம் கோயிலில் ஆண்டு நிறைவு ஆகாத குழந்தையின் பேரைப் பட்டியலில் ஏற்றுகிற வழக்கம் இல்லை, உன் அண்ணாவும் பெற்ற தாய் என்று பார்க்காமல் முடியாது என்றுவிட்டான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் இன்னொரு நகல் இருக்கட்டும், என் பிள்ளை அடிச்சு வைப்பான் அக்கா என்று காமு சொன்னாளே என்று, ஆடிப்பூரத்தன்று நோட்டைக் கிரிதர் கடைக்கு எடுத்துப்போனேன். எல்லாம் அவன் அடித்து முடித்ததும் கடைசியில் மேக்னா பேரையும் விலாசத்தையும் நான் சொல்லி ஏற்ற வைத்தேன். மயில்கழுத்துக் கலர் புடவை, இடது கால் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது, அந்தக் கோலத்தில் காமு என் பக்கத்தில் உட்கார்ந்து, மேக்னாக் குட்டிக்கும் ஈமெயிலா என்று கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். ஆக, குழந்தை பேர் ஆபீஸில் இல்லை, கிரிதர் கம்ப்யூட்டரில் மட்டும்தான். இதைக் கமிட்டி முன்னால் சொன்னேன். நான் அந்த நோட்டையே பாத்ததில்ல பெரியம்மா என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான் அந்தப் பையன். வழக்கத்தை மீறினது என் தப்பு, அந்தத் தப்புதான் இப்போது உன் அண்ணாவைக் காப்பாற்ற வேண்டும்.

அதனால் மேக்னாவுக்கு வந்ததை அழிக்காதே, படித்த கையோடு எதையும் அழிக்கிற பழக்கம் உனக்கு. எந்த வழியாக வந்தது என்று காட்டுகிற மேல்வரிகளோடு அச்சடித்து, இந்த விலாசத்தை அம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செங்கல்பட்டு வக்கீலுக்குக் கூரியரில் அனுப்பு, கார்த்திகை பிறக்கிறதற்குள் வந்து சேர வேண்டும். உறையின் பின்பக்கம் அவர் விலாசம் எழுதியிருக்கிறேன். குளிர் வந்துவிட்டது, குழந்தை காதை மூடி வெளியே எடுத்துப் போ. யார் கேட்டாலும் அவள் பேரும் நட்சத்திரமும் சொல்லாதே. உன் குடும்பம் ஆல் போல் தழைத்து நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா கோதை

பி.கு. கூரியரை மறக்காதே. ராஜகோபாலனுக்குக் கோயில் பேர் கெட்ட ஆத்திரம், அவரை மன்னித்துவிடுவேன். கிரிதரைக்கூட என்றைக்காவது மன்னிப்பேன், பட்டியலை விற்றுக் கடைக்குப் புது பிரிண்டர் வாங்குகிற ஆசையில் புத்தி கெட்டான். ஆனால் நான் எல்லோர் முன்னாலும் திரும்பி, நீதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, சொல்லு என்று கேட்டபோது, என் பிள்ளை தலை குனிந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை அக்கா என்று ஒரு குரல் வந்தது. பிள்ளை அவளுக்கு மட்டும்தானா? அவள் மறந்ததையெல்லாம் சேர்த்து நான் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். நான் மன்னிக்கவே மாட்டாதவள் ஒருத்திதான், என் கூடப் பிறந்த காமு.