தொண்ணூறு கிலோவில் அருவி மேடு

லேய், ரப்பர் சூடேறுகிற வாசனை மாடியிலிருந்து இறங்கி வந்ததும், நீதான் வந்துவிட்டாயோ என்று எட்டிப் பார்த்தேன். இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தானே. நீ செத்துப்போய் மூன்று வருஷம் ஆனது பிறகுதான் உறைத்தது.

மாடியில் என் மகள் செல்வி. சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் உருளை மேல் ஏற்றி, எங்கும் போகாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். எதிரே கம்ப்யூட்டரில் ரோடு ஓடியது; அதில் மேடு வந்தால் உருளை மிதியை இறுக்குமாம். எட்டாம் வகுப்போடு உன்கூட மில்லுக்குள் போனவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? ஏறிவிட்டேன்.

முதலில் ஒரு சோதனை. நிமிஷத்துக்கு நிமிஷம் மிதி கனத்துக்கொண்டே போனது. கால் ஓய்ந்து நின்றதும் 'நூற்றுப்பத்து வாட்' என்று திரையில் வந்தது.

"என்னட்டி இது, குண்டு பல்பு கணக்கா?"

"யப்பா, ஒரு மணி நேரம் விடாம மிதிச்சா ஒங்க காலு அம்புட்டுதான் தாங்கும்னு அது மதிப்புப் போடுது. இனிமே எந்த ரோடு ஒங்களுக்குக் கஷ்டம்னு அதை வச்சுத்தான் சொல்லும்."

ஒரே ரோட்டுக்கு ஆளுக்கொரு கணக்கா! உடனே நம் சைக்கிள் பந்தயம் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அகஸ்தியர் அருவி வரை. குளிக்கும்போது தோற்றவன் ஜெயித்தவன் முதுகைத் தேய்க்க வேண்டும். முப்பது வருஷமும் நீதான் தேய்த்தாய்.

"வந்துட்டியா லே பஞ்சு மூட்டை?" என்பேன்.

"ஒன் ஒடம்புல காத்துதான லே இருக்கு. பறந்து வந்திருப்ப" என்பாய்.

செல்வி அந்த மேட்டின் ஏற்றத்தை எங்கிருந்தோ எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் ஏறிவிட்டேன். 'நடுத்தரம்' என்றது. அப்புறம்தான் குறும்பு தலைக்கேறியது. எடை கேட்ட கட்டத்தில் என் ஐம்பத்தைந்தை அழித்துவிட்டு, உன் தொண்ணூறைப் போட்டேன்.

அவ்வளவுதான் லே. ஏற்றம் தொடங்கியதும் யாரோ கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுபோல் இருந்தது. செக்போஸ்ட் வருமுன்பே 'மிகக் கடினம்' என்று திரை சிவந்தது. பாதியில் காலை ஊன்றிவிட்டேன். நீ ஒரு நாளும் ஊன்றியதில்லை. அத்தனை ஞாயிறும் ஜெயித்தது யார் என்று இப்போது எனக்கே சந்தேகம்.

"யப்பா, ஒங்க எடைக்கே மாத்திரட்டுமா?"

"தொடாதட்டி. அவன் அருவி போய்ச் சேரட்டும். பெறவு பாப்போம்."

தினமும் உன் தொண்ணூறு கிலோவோடுதான் மிதிக்கிறேன். இன்று எட்டாவது தடவை. அருவிக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கிறது. சிரிக்காதே.