வெளிச்சம் புகாத விதை முப்பத்தெட்டு கிலோவைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தர ஆய்வாளர்,
விதைக் கிடங்கு, இரண்டாம் தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தானிய ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: நல்ல மக்காச்சோள விதை தவறாகக் கழிக்கப்பட்டுத் தீவன ஆலைக்குப் போவதைத் தடுத்தல் – கழித்த என் மீதே புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாக விளக்கு மேசையில் விதை பார்த்து வருகிறேன். கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும். மேலே விதைகளைப் பரப்புவோம். நல்ல மக்காச்சோளம் வெளிச்சத்தை விடும். விடாததைப் பழுது என்று கழிப்பது கிடங்கு விதி.

2. சென்ற திங்களன்று ஒரு மூட்டை வந்தது. அடையாளச் சீட்டு நனைந்து கூழாகியிருந்தது. ஒரு விதைகூட வெளிச்சம் விடவில்லை. மூட்டை முழுவதும் ஒரே மாதிரியாகவா பழுதாகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். 'முழுவதும் கழிவு' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

3. நேற்று மரபியல் பிரிவு அம்மா மூட்டையைத் தேடி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ, "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று எலிக்கூண்டு அறைக்கு அழைத்துப் போனார். ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒரு கூண்டுக்கு வழக்கமான மக்காச்சோளம், மற்றதற்கு நான் கழித்த வகையிலிருந்து சோதனைக்கென முன்பே எடுத்து வைத்த கொஞ்சம். நான்கு வாரத்தில் முதல் கூண்டுக் குட்டி என் உள்ளங்கையில் அடங்கியது. இரண்டாவது அடங்கவில்லை. நானே தூக்கிப் பார்த்தேன் ஐயா.

4. அவர் சொன்ன காரணத்தை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். உடம்பு வளர லைசின் என்ற சத்து வேண்டும். மக்காச்சோளப் புரதத்தின் பெரும்பகுதியில் அது அநேகமாக இல்லை. இந்த விதையில் ஒரே ஒரு மரபணு தன் வேலையை நிறுத்திவிட்டது. அதனால் அந்தப் புரதம் குறைந்து, லைசின் உள்ளவை கூடியிருக்கின்றன. உள்ளே மாவு நெகிழ்வாக நிற்பதால் வெளிச்சம் புகவில்லை. பழுது என்று நான் எழுதியது இதைத்தான். எத்தனையோ ஆயிரம் மரபணுக்களில் ஒன்றே ஒன்று! கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

5. இந்த மாற்றம் தாய்ச்செடி, தந்தைச்செடி இரண்டிலிருந்தும் வந்தால்தான் பலிக்கும். பக்கத்து வயல் மகரந்தம் பட்டால் போயிற்று. ஒன்பது பருவம் கதிருக்குக் கதிர் உறை கட்டிக் காத்துச் சேர்த்த மூட்டை இது. வேறு விதை கிடையாது. "பிள்ளைங்க மக்காச்சோளத்தை மட்டுமே தின்னு வளர்ற ஊருங்களுக்குப் போக வேண்டியதுங்க இது" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

6. கழிவுச் சீட்டை எழுதியவரே ரத்து செய்ய முடியாது, தங்கள் உத்தரவு வேண்டும் என்று கிடங்கு மேலாளர் கையை விரித்துவிட்டார். ஆகவே அச்சீட்டை இன்றே ரத்து செய்யும்படி மன்றாடுகிறேன். என் மீதான விசாரணையை நிதானமாக வைத்துக்கொள்ளலாம். தீவன ஆலை லாரி நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறது.

தவற்றை ஒப்புக்கொண்டு,
(ஒப்பம்)
தர ஆய்வாளர்

நாள்: 14ஆம் தேதி, வியாழன், காலை 9.10
இடம்: தர ஆய்வு அறை

இணைப்பு: உறையில் நான்கு விதைகள். தங்கள் மேசை விளக்கில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறேன். பார்த்தபின் திருப்பி அனுப்பினால் அவற்றையும் விதைத்துவிடுவோம்.