சீனி அலமாரியின் கால்கள்

ஜாசின், 5 மார்ச் 1934, திங்கள்

பள்ளிக்கூடத்தை நடத்தும் எங்கள் சங்கத்தின் சார்பில் பார்வையிடப் போனேன். பெஞ்சு முழுக்க பிஸ்கட் போத்தல்கள், எல்லாம் என் மளிகைக் கடையில் இரவல் வாங்கியவை. சிலவற்றில் புழு நெளிகிறது. எனக்குக் குமட்டிவிட்டது.

யாழ்ப்பாணத்து வாத்தியார் விஜயரட்ணம் நிதானமாகச் சொல்கிறார்: "எல்லாம் ஒரே கிணத்துத் தண்ணி ஐயா. துணி கட்டின போத்தல்ல புழு இல்லை, திறந்ததில இருக்கு. ஏனெண்டு பிள்ளையளே கண்டுபிடிக்கட்டும்."

கண்டுபிடிப்பதற்கா சம்பளம்? சொல்லிக்கொடுக்கத்தானே! ஞாயிறு கூட்டத்தில் இவரை அனுப்பிவிட வேண்டும் என்கிறார் தலைவர் பெரியதம்பி. நானும் சரி என்றேன்.

7 மார்ச்

சாப்பிடும்போது மகள் ஜெயா: "அப்பா, புழுவுக்கு ரெக்கை வந்திருச்சு. கொசுப்பா!"

சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்துவிட்டேன். கொசு சாக்கடையில் பிறப்பது. இது யாருக்குத் தெரியாது?

9 மார்ச்

மானம் போயிற்று. வீட்டில் எங்கே புழு இருக்கிறது, தேடிக் கொண்டுவா என்றாராம் வாத்தியார். ஜெயா கடைக்குள் சீனி அலமாரிக்கு அடியில் சிரட்டையோடு படுத்துக் கிடக்கிறாள். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களுக்குத் தண்ணீர் டின் வைத்திருக்கிறேனே, அதிலிருந்து மொண்டு எடுத்துக் காட்டினாள். சிரட்டை நிறையப் புழு.

சாமான் வாங்க வந்த அன்னம்மா சிரித்தாள். "சீனி வாங்குனா இதுவும் சேத்துக் குடுப்பீங்களா லா, மொதலாளி?"

சீச்சீ! தினம் காலையில் என் கையாலேயே தண்ணீர் ஊற்றுகிறேன். குறைந்ததை நிரப்புவேன், கொட்டிக் கழுவியதில்லை. போன மாதம் ஜெயா காய்ச்சலில் கிடந்தபோது கட்டில் அந்த அலமாரிக்குப் பின்புறம்தான்.

10 மார்ச்

ஒரு டின்னில் மண்ணெண்ணெய் விட்டேன். பக்கத்து டின்னில் விடவில்லை. எல்லாவற்றிலும் விட்டிருக்கலாமே, ஏன் இப்படிச் செய்தேன்?

மாலையில் பார்த்தேன். எண்ணெய் விட்டதில் அத்தனையும் செத்து மிதக்கிறது. மற்றதில் துள்ளுகிறது. சீனியெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. எரிச்சல்.

11 மார்ச், ஞாயிறு

கூட்டம். எண்ணெய் விடாத டின்னின் புழுவைப் போத்தலில் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன்.

"அட கர்மமே! கோப்பி குடிக்கிற எடத்துல என்னய்யா இது?" என்றார் பெரியதம்பி.

"உங்க வீட்டு அலமாரிக் கால் எதுல நிக்குது?"

"தண்ணியிலதான். எல்லா வீட்லயும் அப்படித்தானே?"

"குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"அதைப் போயி எவன் பாப்பான்? வாத்தியாரைப் பத்திப் பேசுங்க."

ஒருவராவது போத்தல் பக்கம் திரும்பினாரா? வாத்தியாரை அனுப்ப மூக்கைப் பொத்திக்கொண்டே கை தூக்கினார்கள். நான் ஒருவன்தான் தூக்கவில்லை. வாத்தியார் வேலை போயிற்று. வெள்ளை வேட்டி, ஜவ்வாது, நெற்றி நிறைய திருநீறு! புழுவைவிட இவர்களைப் பார்க்கத்தான் குமட்டுகிறது.

2 ஏப்ரல்

விஜயரட்ணம் பஸ் ஏறிவிட்டார். போத்தல்களைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

9 ஏப்ரல்

புது வாத்தியார். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் கோரஸாகக் கத்துவது கேட்டது: "கொசு சாக்கடையில் பிறக்கும்! கொசு சாக்கடையில் பிறக்கும்!" வாயில் வந்ததைக் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் மிட்டாய்ப் போத்தலை நகர்த்திவிட்டு, அலமாரி டின் தண்ணீரைப் புழுவோடு ஒரு போத்தலில் ஊற்றி வைத்தேன். வாயைத் துணியால் கட்டியது ஜெயா.

அன்னம்மா முகத்தைச் சுளித்தாள். "ஐயே, என்னா மொதலாளி இது?"

"நான் சொல்ல மாட்டேன். தினம் வந்து பாரு, நீயே சொல்லு."