பட்டியலில் ஏறாத பெயர்

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள். மேல்வரிசையில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. உங்கள் பழைய பெல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை, கடித்துத் தள்ளுகிறாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, கப்பலிலிருந்து நீங்கள் பேசிய ஐந்து நிமிடமும் அவளுக்கே போய்விட்டது. நான் சொல்ல நினைத்ததற்கு நேரமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆபீஸில் ஒரு தப்பு நடந்துவிட்டது. இல்லை, நான் செய்துவிட்டேன்.

கம்பெனி ஆட்கள் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் எனக்கு இரண்டு வேலை. அவர் சம்பளத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கான பிடித்தத்தைக் கூட்ட வேண்டும். குழந்தையின் பெயரை முப்பது நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பட்டியலில் அனுப்ப வேண்டும். பிடித்தத்தை மறந்தால் மாதக் கடைசியில் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலை மறந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிடங்கில் லோடு வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் 'மெதுவா, மெதுவா' என்று தனக்குத்தானே கத்திக்கொள்வார், அதனால் எல்லோருக்கும் அவர் மெதுவாண்ணன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாளே படிவத்தோடு வந்து நின்றார். பணத்தைப் பிடிச்சிடுவீங்கல்லம்மா, இந்த மாசமே பிடிச்சிடுங்க என்றார். பிடிக்காதீங்கன்னு கெஞ்சுறவங்களைத்தான் அண்ணா பார்த்திருக்கேன் என்று சிரித்துக்கொண்டே அவர் கண் முன்னாலேயே பிடித்தத்தை ஏற்றினேன். பட்டியலைத் திறக்கும்போது குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன். பாப்பாவுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்றார்கள். படிவத்தை ஏதோ ஒரு ஃபைலில் செருகிவிட்டு ஓடினேன். அதற்கப்புறம் அது என் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு சம்பளம் போட்டாகிவிட்டது. இரண்டிலும் பிடித்திருக்கிறேன். போன வாரம் அந்தக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள், ஆனால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. இப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்று இன்ஷூரன்ஸில் கை விரித்துவிட்டார்கள்.

நேற்று மெதுவாண்ணன் வந்தார். நாலாக மடித்த சம்பளச் சீட்டைப் பிரித்துக் காட்டினார். பிடிச்சிருக்காங்க பாருன்னு கவுண்டர்ல காட்டினேன்மா, அந்தப் பொண்ணு என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்குது என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சிருப்பீங்க, கம்ப்யூட்டர்தான் எதையாவது முழுங்கியிருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவர் போனதும் மேனேஜரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நம்ம தப்புன்னு எழுதினா ஆஸ்பத்திரி பில் முழுசும் கம்பெனி தலையில விழும், உன் வேலை நிரந்தரமாகிறது இந்த மாசம்தானே, யோசி என்றார். புதிதாக ஒரு படிவத்தில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கச் சொன்னார். லேட்டாக் கொடுத்தது அவன்தான்னு முடிச்சிடலாம், பிடிச்சதைத் திருப்பிக் கொடுத்திடலாம், நீயும் கைக்குழந்தைக்காரி, உனக்காகத்தான் சொல்றேன் என்றார்.

நான் காட்டுகிற இடத்தில் மெதுவாண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். எனக்கு அதுதான் பயம்.

உங்களிடம் மறைக்கவில்லை, அந்த வெற்றுப் படிவம் நேற்றிலிருந்து என் பையில்தான் இருக்கிறது. வேலை போனால் பாப்பாவின் காப்பீடும் அதோடு போகும். உங்கள் கப்பல் கம்பெனி குடும்பத்துக்கு எதுவும் தருவதில்லை. சளி பிடிக்காத குழந்தை உண்டா? சுவரோடு பேசுகிறேன். சொன்னால் ம் கொட்டக்கூட இந்த வீட்டில் ஆளில்லை. எதிர் வீட்டு அக்கா, என்னம்மா முகம் இப்படி வாடிப்போச்சு என்று கேட்டார்கள். தூக்கமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாப்பா தூங்கிய பிறகு உட்கார்ந்து டைரக்டருக்கு ஒரு பக்கம் எழுதினேன். படிவம் எந்தத் தேதியில் என் கைக்கு வந்தது, நான் என்ன செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். மேனேஜர் பெயரை இழுக்கவில்லை. நாளைக் காலையில் மேனேஜர் வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவேன். பிறகு கிடங்குக்குப் போய் மெதுவாண்ணனிடம் கம்ப்யூட்டர் எதையும் முழுங்கவில்லை என்று சொல்ல வேண்டும். டைரக்டர் அறையைவிட அந்தக் கிடங்குதான் எனக்குப் பெரிய பயம்.

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்க இரண்டு வாரமாகும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வழியில்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன் என்றுகூட நினைத்துக்கொள்ளுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மேல்தளத்தில் ஈரத்தில் நிற்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இதைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், பாப்பாவிடமே பேசுங்கள். நான் செய்தது சரி என்று பட்டால் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். தப்பு என்று பட்டால் போனில் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள்,
பாப்பா அம்மா