மூவார் துறையில் வண்டி ஓட்டியவன்

அன்பான மச்சானுக்கு,

கபுறில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜொகூர் பாருவில் உங்கள் கபுறுக்கு வருகிறேன். ஸலாம் சொல்கிறேன், பாத்திஹா ஓதுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிடுகிறேன். வாயால் முடியாததை இப்போது எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சேதி. நீங்கள் ஆரம்பித்த லாரி இன்னும் ஓடுகிறது. இப்போது கோலாலம்பூர் வரை போகிறோம். போன மாதம் ஒரே நடையில் ஆறு மோட்டார் சைக்கிள் ஏற்றினோம். பெக்கான் நானாஸிலிருந்துகூட ஒருவர் தன் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

இந்தத் தொழிலை நீங்கள் முதலில் சொன்ன அன்று கடைத்தெருவே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? "ஓடுற வண்டிய இன்னொரு வண்டி சுமக்கிறதா? குதிரையத் தோள்ல தூக்கிட்டுப் போற கதையாவுல இருக்கு!" என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர். நீங்கள் சாயாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள்: "காக்கா, மலாக்காவுக்குப் பந்தயத்துக்குப் போறவன் இந்தச் செம்மண் ரோட்டுல நூறு மைலுக்கு மேல ஓட்டிட்டுப் போனா, போய்ச் சேர்றப்பவே வண்டியும் செத்துரும், அவனும் செத்துருவான். அவன் ரயில்ல போகட்டும். வண்டிய நாம கொண்டு போவோம்லா."

உங்களுக்கு மட்டும் அதில் இன்னொரு காரணமும் இருந்தது. ஸ்கூடாய் வளைவில் விழுந்து கால் முறிந்தபோது, இனி மோட்டார் சைக்கிளில் ஏறவே மாட்டேன் என்று லாத்தாவிடம் குர்ஆன் மேல் சத்தியம் செய்தீர்கள். என் கூடப்பிறந்த அக்காள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் அன்று அழுத அழுகைக்கு யாராக இருந்தாலும் சத்தியம் செய்திருப்பார்கள். ஓட்டத்தான் கூடாது, பக்கத்தில் இருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் இந்த லாரி. எனக்கு அது தெரியும்.

ஏற்றுவதற்கு முன் சொந்தக்காரர் கண் முன்னாலேயே டாங்கியில் இருக்கும் பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிடுவீர்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு கீறலையும் விரலால் தொட்டு, "இது உங்களோடது, இது உங்களோடது" என்று சொல்லுவீர்கள். போய்ச் சேர்ந்த இடத்திலும் அதேபோல் ஒரு சுற்று. நடுவில் யாரும் அதன்மேல் ஏறக் கூடாது, தள்ளத்தான் வேண்டும். நமக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இதுதான்.

மலாக்காப் பந்தயத்துக்கு மூன்று வண்டிகளை ஏற்றிக்கொண்டு போன அன்று, மூவார் துறையில் ஆற்றைக் கடக்கும் படகுக்குக் கூட்டம். கனம் கூடுதல் என்று படகுக்காரர் மூன்று வண்டிகளையும் லாரியிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார். அசர் நேரமாகிவிட்டது. "காதரு, பாத்துக்க. தொழுதுட்டு வந்துர்றேன்" என்று பள்ளிவாசலுக்குப் போனீர்கள். என் பக்கத்தில், பந்தயத்துக்குப் போகும் மலாய்க்காரர் இஞ்சே ஓஸ்மானின் வண்டி நின்றது. கறுப்பு டாங்கி, பளபளவென்று. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்கு அன்று ஆசை பயத்தைக்கூட அறியவில்லை. லாரியில் இருந்த தகர டின்னிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி, ஆற்றோர ரோட்டில் ஒரு மைல் ஓட்டினேன். ஐயோ மச்சான், அந்த ஒரு மைல் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? திரும்பும்போது சேற்றில் சறுக்கி விழுந்தேன். கால்மிதி வளைந்தது, டாங்கியில் ஒரு சொட்டை. துடைத்து, சாக்கைப் போட்டு மூடிக் கட்டிவிட்டேன். நீங்கள் வந்து, நான் கட்டியிருந்த சாக்கைப் பார்த்து, "பரவால்லையே, நல்லாக் கட்டியிருக்கியே" என்றீர்கள்.

மலாக்காவில் சாக்கை அவிழ்த்ததும், ரயிலில் வந்து காத்திருந்த இஞ்சே ஓஸ்மான், "அலமாக்!" என்று தலையில் கை வைத்தார். டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நீங்கள் காலி செய்த டாங்கியில் பெட்ரோல் இருந்தது. யார் ஓட்டியது என்று கேட்டார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "நான் சாயாக் கடைக்குப் போயிருந்தேன் மச்சான்" என்றேன். உங்களுக்கு வண்டிப் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். என்மேல் யார் சந்தேகப்படுவார்கள்? "என் பொறுப்புல இருக்கிறப்ப நடந்துருச்சு, துவான். ஆனா நான் ஓட்டல" என்றீர்கள். ஒருவரும் நம்பவில்லை. நீங்கள் என்னை அப்போது ஒரு தரம் பார்த்தீர்களே, தெரிந்துதான் பார்த்தீர்களா?

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "காதர் வந்தா மட்டும் வண்டியத் தர்றோம்" என்றார்கள் வண்டிக்காரர்கள். நான் போனேன். உங்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் ஆரம்பித்த லாரியில் நான் போனேன். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்து, ஒரே வாரத்தில் மவுத்தாகிவிட்டீர்கள்.

இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாதது. ஜனாஸாத் தொழுகைக்கு முன் வீட்டு ஆம்பளை ஒருவர் எழுந்து, இறந்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்பது நம் வழக்கம். உங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. நான்தான் எழுந்தேன். முன் வரிசையில் இஞ்சே ஓஸ்மான் நின்றார். "எங்க மச்சான் செஞ்ச தப்ப மன்னிச்சிருங்க" என்றேன், அவரைப் பார்த்தே சொன்னேன். அவர் கண் கலங்கி, மன்னித்துவிட்டேன் என்று மலாயில் சொன்னார். உங்களை வெள்ளைத் துணியில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்தேன் மச்சான். என்னைப்போல் ஈனன் இந்த ஜொகூரில் உண்டா?

போன வாரம் லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சல்ல கிடந்தப்பக்கூட நான் கேட்டேன்டா. 'ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, சத்தியத்த மீறினதையும் மன்னிச்சிர்றேன்'னு. 'நான் ஓட்டல புள்ள'ன்னாங்க. சாகுறப்பவும் பொய் சொல்றாங்களேன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டேன்."

"லாத்தா, என்ன மன்னிச்சிரு" என்றேன்.

"நீ கேக்குறதுக்கு நான் இருக்கேன். நான் யார்கிட்டடா போய்க் கேப்பேன்?"

மச்சான், உங்கள் பெயரைக் கெடுத்தேன் என்று மட்டும்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். உங்கள் கடைசி வாரத்தில் அவள் முகத்தையும் உங்களிடமிருந்து பறித்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், உங்களுக்குத் தொழுகை நடந்த அதே பள்ளிவாசலில் எழுந்து நிற்பேன். இஞ்சே ஓஸ்மானை வரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டியவன் நான் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்வேன். அதன்பின் ஒருவரும் என்னிடம் வண்டி தராவிட்டாலும் சரி. நீங்கள் செய்யாத தப்புக்காக உங்கள் பெயரில் நான் வாங்கிய அந்த மன்னிப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எனக்கென்று அதை அவரிடம் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்த மச்சினன்,
காதர்